கிருஷ்ணப்பிரியாவின் வலது காலில் உள்ள காயம் பற்றி

என் பெயர் தினகரன், வயது 38, தகப்பனார் பெயர் நாகப்பன். ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் மனைவி ராதிகா, மகள் கிருஷ்ணப்பிரியாவுடன் வசித்து வருகிறேன். ஃபிட்டராக வேலை செய்கிறேன். மகளின் காலில் சூடு வைத்தேனா என்று விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மகளுக்கு வயது ஆறு. மூளை நரம்புக் கோளாறினால் பேசமாட்டாள், நடக்கமாட்டாள். தினமும் காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் அழுவாள். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இந்த நோயில் இப்படித்தான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அழ ஆரம்பித்தால் துணி ஈரமா, வயிறு உப்பியிருக்கிறதா, காதில் சீழா, பாதம் வளையாமலிருக்க முழங்கால் வரை மாட்டிய பிளாஸ்டிக் பட்டை இறுக்குகிறதா என்று வரிசையாகப் பார்ப்பேன். இயந்திரத்தில் சத்தம் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. ஒன்றும் இல்லையென்றால் பைக்கில் முன்னால் உட்காரவைத்து, துப்பட்டாவால் என்னோடு சேர்த்துக் கட்டி, நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரை போய்த் திரும்புவேன். வண்டி அதிர்வில் பெரும்பாலும் அடங்கிவிடுவாள்.

சென்ற மாதம் மாடி வீட்டு பார்வதம் அம்மாள் ராதிகாவிடம், "வயித்துல லேசா ஒரு சூடு இஸ்துட்டா அழுவ நின்னுடும்மா, எங்க சைடுல அப்டித்தான்" என்றார். ராதிகா கதவைச் சாத்திவிட்டாள். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல, அவருக்கும் தூக்கம் வேண்டுமே.

கடந்த ஞாயிறு மாலை நாலரை மணிக்கு அழுகை ஆரம்பித்தது. ராதிகா கடைக்குப் போயிருந்தாள். எல்லாம் பார்த்தேன். பட்டை இறுக்குகிறதோ என்று இரண்டு காலிலும் கழற்றிவைத்தேன். அடங்கவில்லை. அதன் பிறகு வெறுங்காலோடு வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பட்டாபிராம் தாண்டும்போது வழக்கத்தைவிட அதிகமாக வீறிட்டாள். நிறுத்தினால் இன்னும் அழுவாள் என்று நிறுத்தவில்லை. ஸ்டேஷன் டீக்கடை வேம்புலி, "கொயந்தய எறக்கி இன்னான்னு பாரு அண்ணாத்தே" என்றார். ஊரே சொல்கிற புத்திதானே என்று எரிச்சல் வந்தது. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி, வண்டியைத் திருப்பி, மறுபடியும் ஒரு நடை போய்வந்தேன். அதன் பிறகு வீட்டில் துப்பட்டாவை அவிழ்த்தபோதுதான் பட்டை இல்லாத வலது கெண்டைக்கால் வெந்திருந்ததையும், சைலன்சர் குழாயில் தோல் ஒட்டியிருந்ததையும் பார்த்தேன்.

அதன் பிறகு, கடையிலிருந்து திரும்பியிருந்த ராதிகாவும் நானும் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனோம். சூடு வைத்தது போலிருப்பதாக மருத்துவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்ப நேரலாம் என்கிறார்கள். ராதிகாவுக்கு இதில் பங்கில்லை, அவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டாம். இன்று காலையும் அழுதாள். காலுக்காகவா, வழக்கமான அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சூடு வைக்கவில்லை. ஆறு வருடமாக அவள் அழுகைக்குக் காரணம் தேடினேன். அன்று காரணம் இருந்தது. என் மார்பில் சாய்ந்தபடி அவள் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் இன்னொரு நடை ஓட்டினேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) நா. தினகரன்