வெள்ளையாய் விட்ட இடம்

தேநீரைக் குடியுங்கள் தம்பி, ஆறினால் ருசி கெட்டுவிடும். போத்தல் தண்ணீரில் போட்டது.

நான் ஓர் இலக்கத்தைக்கூட மாற்றவில்லை. வாக்குமூலத்தில் முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கிணறுகளில் மாதாமாதம் எடுத்த நைத்திரேற்று அளவுகள், அதாவது பசளையில் இருந்து தண்ணீரில் இறங்கும் உப்பின் அளவுகள், ஆய்வுகூடத்தில் இருந்து வந்தபடியே என் கணினியில் இருக்கின்றன. புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால், அவற்றைச் சனத்துக்கு விளங்குகிற மாதிரி ஓடுகிற படமாக்கித் தரும்படி வாசிகசாலைக்காரர் கேட்டார்கள். பைத்தன் என்கிற கணினி மொழியில் படம் வரைகிற நிரல் நூலகம் ஒன்று இருக்கிறது. ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து, கோடுகளுக்கு இடையில் நிறம் பூசித் தரும். மாதத்துக்கு ஒரு படம். அடுத்தடுத்து ஓடவிட்டால், நிலத்துக்குக் கீழே பசளை நடந்து போவது தெரியும்.

முதலில் செய்த படத்தில் சிவப்பு, என் அண்ணை பரமலிங்கத்தின் வாழைத்தோட்டத்தில் தொடங்கி, ஒழுங்கையைத் தாண்டி, இராசாத்தி வீட்டுக் கிணற்றுக்குள் போய் நின்றது. அண்ணை என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“உந்தச் சிவப்பு ஏன் என்ரை தோட்டத்திலை இருந்து வெளிக்கிடுது?”

“நீங்கள் போடுற யூரியா அண்ணை. தண்ணி அப்பிடிச் சொல்லுது.”

“தண்ணி எங்கை கதைக்குது? நீயெல்லோ கதைக்க வைக்கிறாய்.”

அதில் நியாயம் இருந்தது. அப்பா போன பிறகு என்னைப் படிப்பித்தது அந்த வாழைகள்தான். சிவப்பைக் கண்டால் சனம் யூரியாவை நிறுத்தச் சொல்லும். மருதனார்மடச் சந்தையில் அண்ணையின் குலையை ஒருவரும் தொடமாட்டார்கள். நிறம் மனிதரைப் பயப்படுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆகவே கடும் நீலத்தில் தொடங்கி, அளவு கூடக் கூட வெளிறிக்கொண்டு போகிற நிற வரிசையை எடுத்தேன். அந்த நூலகத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்த அளவு வரைக்கும் பூச வேண்டும் என்று நாம் சொல்லிவிட்டால், அதற்கு மேலே உள்ளதைத் தொடாது; வெள்ளையாகவே விட்டுவிடும். நான் குடிக்கலாம் என்கிற எல்லையோடு நிறுத்தினேன். குடிக்கக் கூடாத இடமெல்லாம் வெள்ளையாயிற்று. ஆனால் முந்தின மாதத்து நீலம் அடியில் தெரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டு வரையும்படி ஒரு வரி சேர்த்தேன். அதுதான் சரியான முறையும்கூட. தெரிந்தவர்கள் எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

வாசிகசாலைச் சுவரில் படம் ஓடியது. அண்ணையின் தோட்டத்தில் இருந்து, பால் சிந்தினது போல வெள்ளை பரவியது. மழை கழுவிக்கொண்டு போகிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் திருத்தவில்லை, சபையில் குறுக்கே பேசும் பழக்கம் எனக்கு இல்லை. இராசாத்தி கைக்குழந்தையோடு பக்கத்தில் வந்து இருந்தாள்.

“ரீச்சர், எங்கடை கிணத்தடி வெள்ளையாக் கிடக்கு. என்ன மாதிரி?”

“வெள்ளையெண்டால் வெள்ளைதானே பிள்ளை.”

“அப்ப பயமில்லை. கொதிக்க வைச்சுத்தான் இவளுக்குப் பால்மா கரைக்கிறனான்.”

நல்லது என்றேன். கொதிக்க வைப்பது நல்ல பழக்கம். நைத்திரேற்று கொதித்துப் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும், கைக்குழந்தையின் இரத்தத்தில் மூச்சை மறிக்கும் என்பதெல்லாம் வேறு விடயம். அவள் அதைக் கேட்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உதடும் நகமும் நீலமாகிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தது என்னிடம்தான். ஓட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு இலையெல்லாம் அண்ணையின் தோட்டத்தில்தான் வெட்டினோம். இராசாத்தி அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரிந்துதான். அவளுடைய கிணற்றின் அளவை நான்தான் கணினியில் ஏற்றினேன். ஆனால் பிழையாக ஒன்றும் காட்டவில்லையே தம்பி. காட்டாமல் விட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் கிணறா? அதுவும் அந்த வெள்ளைக்குள்தான். முதல் படத்தை ஓட்டிப் பார்த்த மறுநாளில் இருந்து எனக்கும் அண்ணைக்கும் போத்தல் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரில் தேநீர் ருசிப்பதில்லை; வேறொன்றுமில்லை.