ஆசிரியர் உயிருடன் இருக்கும் காலம்வரை

பிஸ்கட் வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஹெஸ்கெத். டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி ஒரு வருஷமாகிறது, நானும் கேட்டு நடக்கிறேன். தேநீர் போதும். வக்கீல் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அவர்கள் குறுக்கே பேசுவார்கள், எனக்கு என் வாக்கியம் முழுசாக முடிய வேண்டும். பதிவுக் கருவி ஓடுகிறதா? நல்லது.

பெயர் ஜைல்ஸ் வெதர்பி. வயது ஐம்பத்தெட்டு. அடுத்தவர் எழுதியதைத் திரைக்கதையாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். முப்பது வருஷத்தில் பதினோரு நாவல்கள், நாலு படக்கதைப் புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் குதிரை வண்டியும் தொப்பி வைத்த பெண்களும் வந்து உங்கள் அம்மா மூக்கைச் சிந்தியிருந்தால், அது அநேகமாக என் கைவேலைதான்.

நாவலாசிரியர்களை நீங்கள் அதிகம் சந்தித்திருக்க மாட்டீர்கள். கொடுத்துவைத்தவர். ஒரு கதவைத் திறக்க நாலு பக்கம் எடுத்துக்கொள்கிற ஜனங்கள். அப்படித் திறந்தும் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள், ஒரு நாற்காலி இருக்கும், அந்த நாற்காலிக்கு இன்னும் இரண்டு பக்கம். நார்ஃபோக்கில் ஒரு அம்மையார், எழுநூறு பக்கம் எழுதியிருந்தார். நான் கதாநாயகியைத் தூக்கிவிட்டுத் தோட்டக்காரனின் தங்கையைக் கதாநாயகியாக்கினேன். படம் வெளியான அன்று அந்த அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நன்றி என்றார். எதற்கென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விருது எனக்குக் கிடைத்தது. மேடையில் அவர் புத்தகத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை.

படக்கதைக்காரர்கள் இன்னொரு ரகம். கறுப்புச் சட்டை, நகத்தில் மை, உலகத்தில் தங்களை யாருமே மதிப்பதில்லை என்ற முகம். மதிக்காததற்குக் காரணம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றாது.

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, செத்த எழுத்தாளரைப் போல நல்ல எழுத்தாளர் கிடையாது என்று. செத்தவர்கள் போன் பண்ண மாட்டார்கள். படப்பிடிப்பில் மப்ளரோடு வந்து நின்று, அவள் கண்ணு நீலம் இல்லையே என்று மூக்கை நுழைக்க மாட்டார்கள். விருந்து மேசையில் எத்தனையோ பேர் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நானாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. குறித்துக்கொள்ளுங்கள்.

வில்ஃப் ஹோல்ராய்டுக்கு வருகிறேன்.

டாட்மார்டன் பக்கம் கால்வாயில் ஒரு நீளப் படகில் தனியாகக் குடியிருந்தவர். எழுபத்துநாலு வயது. ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஒரே ஒரு படக்கதை வரைந்தார். டோரீன் என்று ஒரு பஸ் டிரைவர். மலைமேட்டு வழியில் தொண்ணூற்றைந்தாம் நம்பர் பஸ் ஓட்டுகிறாள். ஒரு நாள் மூடுபனியில் அவளுடைய ஆறு வயது மகள் காணாமல் போகிறாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸை நிறுத்தி, பனிக்குள் பார்த்து மகள் பெயரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். கடைசியில் வீட்டுக்கு வந்து, "கதவைப் பூட்டலை, கண்ணு" என்கிறாள். அவ்வளவுதான் கதை. நாற்பதாயிரம் பிரதி விற்றது. ஜனங்களுக்கு அழுவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தயாரிப்பாளர் கிரெஸிடா உரிமையை வாங்கினாள், திரைக்கதை என்னிடம் வந்தது. பணம் போடுகிறவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். குழந்தை வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் படமே கிடையாது. நியாயமான பேச்சுதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஹோல்ராய்டின் அண்ணன் மகள் ஒரு வரி நுழைத்திருந்தாள். ஹாலிஃபாக்ஸில் வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்கிற பெண் அவள். அந்த வரி எனக்கு மனப்பாடம்: ஆசிரியர் உயிருடன் இருக்கும் காலம்வரை, அவர் கையெழுத்தின்றிக் கதையின் முடிவை மாற்றலாகாது.

கிரெஸிடா என்னைக் கூப்பிட்டாள். "ஜைல்ஸ் டார்லிங், நவம்பர் பதிமூணு புதன்கிழமைக்குள்ள அந்தக் கிழவன்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. இல்லேன்னா டோபியாஸ்கிட்டதான் குடுக்கணும். உங்களுக்கே தெரியும், போன ரெண்டு படமும் உங்களுக்கு சரியாப் போகலை" என்றாள்.

டோபியாஸுக்கு இருபத்தெட்டு வயது. காதில் வளையம். முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது. என் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயர் வரும், பிறகு அவன் பெயர் மட்டும் வரும். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்.

முதல் தடவை அக்டோபரில் போனேன். கிழவர் படகு வாசலிலேயே நிறுத்தினார்.

"வாப்பா லண்டன்காரா. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா, நேத்துதான் தரையைத் துடைச்சேன்."

பன்றி இறைச்சி வைத்த ரொட்டி கொடுத்தார், பழுப்புச் சாஸ் வழிய வழிய. நான் தாளை எடுத்து வைத்தேன். "முடிவில் பொருத்தமான மாற்றங்கள்" என்று மட்டும் அதில் இருந்தது. என்ன மாற்றம் என்று ஆசிரியரிடம் சொல்லக் கூடாது, அது தொழிலின் முதல் பாடம். சொன்னால் பேசுவார்கள், பேசினால் மறுப்பார்கள். அனுமதியை மட்டும் கேட்க வேண்டும்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார். "தம்பி, முதல் பக்கத்தை மாத்திக்க. நடுவுல அம்பது பக்கத்தைத் தூக்கிக் கடாசு. பஸ்ஸை வேணா ஏரோப்ளேன் ஆக்கு, எனக்கென்ன வந்துச்சு. கடைசிப் பக்கத்துல மட்டும் கை வச்சே, நான் சும்மா இருக்க மாட்டேன்."

"ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகணும் பெரியவரே."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ அந்தப் பக்கத்தைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா மாத்தணுங்கறே?"

"பாத்துட்டுத்தான்."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உனக்கு நெஞ்சுல இருக்கறது கல்லுதான். அந்த ஒரு பக்கத்துக்கு நான் எட்டு மாசம் எடுத்துக்கிட்டேன். சாப்பிட்டு முடிச்சிட்டியா? கிளம்பு."

இன்னும் இரண்டு தடவை போனேன், ஒரே பேச்சுதான். ஒரு நாற்பது பக்கத்துப் பலவீனமான கதையை வைத்துக்கொண்டு நூற்றுநாற்பது பக்கத்துக்கு இழுத்த மனிதர், முப்பது வருஷ அனுபவக்காரனிடம் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறார். எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுகிறவன் அல்ல.

நவம்பர் பதினொன்று, திங்கட்கிழமை, புதிய முடிவை எழுதினேன். நன்றாக வந்தது. பனி விலகுகிறது, வயல் தாண்டிக் குழந்தை ஓடி வருகிறது, டோரீன் ஸ்டியரிங்கை விட்டு இறங்குகிறாள். சாயங்காலமே கிரெஸிடாவின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இங்கேதான் நான் மாட்டினேன், அதை நீங்கள் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. திரைக்கதையை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் காகிதத்தின் நிறம் மாறும். முதலில் வெள்ளை, அப்புறம் நீலம், அப்புறம் இளஞ்சிவப்பு. தலைப்பில் தேதி போட வேண்டும். கையெழுத்து, அனுமதி எல்லாம் தீர்ந்த பக்கம்தான் நிறம் மாறி வெளியே போகும், அது எழுதாத சட்டம். நான் இளஞ்சிவப்பில் அனுப்பினேன், பதினொன்று என்று தேதியும் போட்டேன். அனுமதிக்குத் தடையாக இருந்தவர் இறந்தது பன்னிரண்டாம் தேதி. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் நான் பக்கங்களைத் தாமதமாகக் கொடுத்ததாக எங்கள் தொழிலில் ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். நல்ல வெளிச்சம். குடிதண்ணீர் பிடிக்க அவர் படகை மதகு தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மதகு என்றால் படகை ஏற்றி இறக்குவதற்காக இரண்டு கதவுக்கு நடுவே கட்டிய ஆழமான தண்ணீர்த் தொட்டி.

"வந்ததே வந்தே, ஒரு கை குடு. கம்பைப் பிடிச்சுக்க. பேனாவை விடக் கனமா இருக்கும், பாத்து."

அவருடைய நகைச்சுவை அந்த மட்டத்தில்தான் இருக்கும். படகைத் தள்ளுகிற அந்த நீளக் கம்பை வாங்கிக்கொண்டேன். மதகுக் கதவின் மேல் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பலகை இருக்கிறது. அவர் அதில் நடந்து எதிர்ப்பக்கம் போகும்போது தண்ணீரில் விழுந்தார். இதைத்தான் முதல் நாள் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். விழுந்தார் என்பது பொய்யில்லை. கம்பு என் கையில் இருந்தது என்று சொல்லாமல் விட்டேன். கம்பின் நுனி அவர் முதுகில் இருந்தது என்பதையும் விட்டேன். சுருக்குவது என் தொழில்.

அந்தத் தொட்டியின் சுவர் முழுக்கப் பாசி, பிடிக்க ஒன்றுமில்லை. கனமான கம்பளிக் கோட்டு வேறு. அவருக்கு நீந்தத் தெரியாது. முப்பது வருஷம் தண்ணீர் மேல் குடியிருந்து நீந்தக் கற்காத மனிதரை என்ன சொல்ல.

"கம்பு... கம்பை நீட்டு தம்பி."

நான் குனிந்து மரியாதையாகவே கேட்டேன். "கையெழுத்துப் போடறீங்களா பெரியவரே?"

"போடறேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். "போடறேன்பா, என்ன வேணா எழுதிக்க, கம்பைக் குடு."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் சாட்சி இல்லாத வாய்ப்பேச்சு சட்டப்படி செல்லாது. மேலே வந்து துண்டால் தலையைத் துவட்டியதும் மனம் மாறிவிடுவார், எழுத்தாளர்கள் அப்படித்தான். ஒப்பந்த வரியோ தெளிவாக இருக்கிறது. அவர் தண்ணீரில் கிடக்கும் காலம்வரை என்று அதில் இல்லையே. நான் கம்பைப் புல்லில் வைத்துவிட்டுக் கரையில் நின்றேன். நீங்கள் நினைக்கிற அளவுக்கு நேரம் ஆகவில்லை.

அப்புறம் படகுக்குள் போய் அடுப்பை அணைத்தேன். எரிகிற அடுப்பை அப்படியே விட்டுப்போக மனசு வரவில்லை.

என்ன கேட்டீர்கள்? புத்தகத்தை முழுசாகப் படித்தேனா என்றா?

இதைச் சாமானியர்கள் எல்லோரும் கேட்பார்கள். படக்கதையை நாங்கள் அப்படிப் படிப்பதில்லை. அலுவலகத்தில் ஒரு பெண், பாத்திரங்களின் வாய்க்குப் பக்கத்தில் வரைந்த பலூன்களில் இருக்கிற பேச்சையெல்லாம் வரிசையாகத் தட்டச்சு செய்து தருவாள். நூற்றுநாற்பது பக்கப் புத்தகம் பத்தொன்பது தாளில் அடங்கிவிடும். அதைத்தான் நான் படித்தேன், கிரெஸிடா படித்தாள், பணம் போடுகிறவர்களும் அதைத்தான் படித்தார்கள். படத்தைப் பார்ப்பது இயக்குநர் வேலை. என் நாலு படக்கதைகளும் அப்படித்தான் உருவாயின, இரண்டுக்கு விருது.

சரி, கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிரதியா? ஓரமெல்லாம் கிழிந்திருக்கிறது.

"கதவைப் பூட்டலை, கண்ணு." ஆமாம், இதுதான் கடைசி. திருப்பச் சொல்கிறீர்கள். இதோ.

இது எனக்குத் தெரியாது.

ஒரு சமையலறை. கதவு திறந்திருக்கிறது, வெளியே பனி. வாசலில் டோரீனின் பெரிய ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்ன ஜோடி, சேறு காயாமல், அதிலிருந்து தண்ணீர் தரையில் ஓடுகிறது. அங்கிருந்து மேசைவரைக்கும் குட்டிக் குட்டிக் கால் தடங்கள். நாற்காலியின் முதுகுக்கு மேலே நனைந்த தலைமுடி கொஞ்சம் தெரிகிறது.

"என் பொண்ணுக்கு ஏழு வயசு சார். இந்தப் பக்கம் வந்ததும், 'வந்துட்டா, வந்துட்டா'ன்னு சோபா மேல ஏறிக் குதிச்சா" என்கிறீர்கள். உங்கள் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். மூலையிலும் பார்த்துவிட்டேன். ஒரு எழுத்துகூட இல்லை. எட்டு மாசம் உட்கார்ந்து வரைந்த மனிதருக்கு, 'அம்மா' என்று ஒரு பலூன், ஒரே ஒரு பலூன் போட முடியவில்லை. போட்டிருந்தால் இன்றைக்கு அவர் உயிரோடு இருப்பார். அவருடைய சோம்பேறித்தனத்துக்கு, இன்ஸ்பெக்டர், நான் எப்படிப் பொறுப்பாவேன்?