கோபமே வராதவரின் படம்

சிரிக்கிற முகத்தைப் படம் எடுக்க எனக்குப் பிடிக்காது, ஐயா. கேமராவைத் தூக்கினால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். கோபம் அப்படி வராது. அதற்குக் காத்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்தக் குடியிருப்பில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறேன்; காத்திருப்பது பழகிப்போனது.

லிஃப்டின் சுவிட்ச் அறை கீழ்த்தளத்தில், லிஃப்ட் கதவுக்கு எதிரிலேயே இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். மறுபடி போட்டால் நேராகக் கீழே வந்து கதவைத் திறக்கும். திறக்கிற அந்த நொடிதான் எனக்கு வேண்டியது. மூன்றாம் மாடி வக்கீல் கதவை உதைத்துக்கொண்டே வெளியே வந்தார். டியூஷன் டீச்சர் என் சட்டையைப் பிடித்தேவிட்டார். வசவெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், படம் கிடைத்தது. எதற்குப் போட்டோ என்று கேட்டால், "ரிப்பேர் கம்பெனிக்கு அனுப்பணும் சார்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

வக்கீலின் படத்துக்கு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வந்தது. முதல் பரிசு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். வக்கீல் எப்போதும் சிடுசிடுப்பவர், அந்த முகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். கோபமே வராதவரின் கோபம் வேண்டும்.

நாலாம் மாடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். முதல் தடவை கால்மணி நேரம் நிறுத்தினேன். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர், "மெஷின்தானப்பா, நீ என்ன பண்ணுவ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த தடவை அரைமணி. அப்புறம் முக்கால் மணி. அதே சிரிப்புதான்.

அவர் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அவருக்குக் கோவமே வராது தம்பி. அது ஒண்ணுதான் எனக்கு அவர் மேல கோவம்" என்றார். பிறகு, "நெஞ்சுல கோளாறு இருக்கு. படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த லிஃப்ட மட்டும் நல்லா பாத்துக்கப்பா" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்போதும் லிஃப்டில்தான் வருவார் என்பது அன்றைக்கு உறுதியானது.

கடைசி நாள், அவர் கீழே இறங்கும்போது பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினேன். எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு, ஐயா. உள்ளே இருப்பவர் ஆபத்து மணியை அடித்தால் அந்த நிமிஷமே திறந்துவிடுவேன். கதவைத் தட்டுவது, கத்துவது எல்லாம் வேறு. அது வெறும் கோபம்.

கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு அதுவும் நின்றது. ஒரு மணிக்கு அவர் மனைவி மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தார். கையில் மாத்திரை அட்டை.

"லிஃப்ட் வரலையே தம்பி. அவரப் பாத்தியா? மாத்திரைய வச்சிட்டுப் போயிட்டார், போன் போட்டாலும் போகல."

"ரிப்பேர், அக்கா. அவர் அப்பவே கடைக்குப் போயிட்டாரே" என்றேன்.

அந்த அம்மா வெயிலில் கடைப் பக்கம் வேகமாக நடந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் அடைபட்டால் யாரும் எப்படியும் வெடித்துத்தானே ஆக வேண்டும் என்று கேமராவைத் துடைத்து வைத்தேன்.

இரண்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். கதவு திறந்தது. மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் படம் எடுத்தேன். அப்புறம்தான் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. முகத்திலும் கோபம் இல்லை. அந்தப் படம் எதற்கும் உதவாது.

நான்தான் செய்தேன், மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அவர் ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. அந்த மணியின் ஒயரைப் போன வருஷமே நான் கழற்றிவிட்டேன். சத்தம் கேட்டு ஆள் கூடிவிட்டால் முகம் மாறிவிடுகிறது. அது வேறு விஷயம், ஐயா. அவர் அடித்திருந்தால் நான் திறந்திருப்பேன்.