தலையாட்டினா சம்மதமா?

ஹலோ... ஆமா, அக்காதான்... இல்ல, இன்னும் கிளம்பல. ஹோட்டல் வாசல்ல, உன் வண்டிகிட்டதான் நிக்கிறேன்... ஐஸ்கிரீமா? நீயே தின்னு.

ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். ஏன்டா தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம தையல் கடைல எனக்குப் பதிலா உன் மச்சான்தான் துணி வெட்டப் போறானாமே? அளவு சொன்னா எனக்குப் புரியாதாமே?... யார் சொன்னாங்களா? நீதான். இப்ப, அந்த டேபிள்ல உக்காந்து!

ஆமா... ஆமாடா, காது கேக்காதவதான். அதனாலதான் புது காது மெஷினோட மைக்கும் சேத்து வாங்கினேன், இந்த மாதிரி இரைச்சல்ல பேச்சு புரியட்டும்னு. வந்ததும் கறுப்பா, பேனா மூடி மாதிரி ஒண்ணு வெச்சேனே? 'பேசறவங்க பக்கத்துல நகர்த்தி வைங்க'ன்னு கெஞ்சினேனே? உன் பொண்டாட்டி அதுமேலதானே டிஷ்யூவைப் போட்டா...

அதேதான். அங்க பேசறது நேரா என் காதுக்கு வருது. வாசல் வரைக்கும் வரும்னு எனக்கே தெரியாது. கை கழுவிட்டு காத்தாட வந்து நின்னேன், அத்தனையும் கேட்டுட்டேன்.

என்னது? நான் சம்மதிச்சேனா? எப்ப?... வாயால சொன்னேனா?... ஆமா, தலையாட்டினேன்! எட்டு தையல் மெஷினும் கடகடன்னு ஓடறப்ப வந்து கேட்டா வேற என்னடா செய்வேன்? ரெண்டு தடவை 'என்ன, என்ன'ன்னா மூஞ்சியச் சுளிப்ப. அதுக்குப் பயந்தே எல்லாத்துக்கும் ஆட்டறேன். அது தெரிஞ்சுதானே அந்நேரம் பாத்து வந்த?

கத்தாத! போன்லயும் கேக்குது, மைக்லயும் கேக்குது... அம்மாகிட்ட குடுக்காத. வேணாம்னா வேணாம். நீ பேசினதுகூட போகட்டும். 'அவ கைல இருக்கற கத்திரியைப் பிடுங்காதடா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாளா அம்மா? 'மெதுவா பேசுங்க, அவ வந்துடப் போறா'ன்னுதானே சொன்னா... ஆமா, நான் வந்துடக் கூடாது!

அழல. உன்கிட்ட எதுக்குடா அழணும்?

கேளு. திங்கக்கிழமை கடைக்கு வா. மெஷின் எல்லாத்தையும் நிறுத்து. என் எதிர்ல நின்னு, என் மூஞ்சியப் பாத்து, அதையே திரும்பக் கேளு. அப்ப வாயால பதில் சொல்றேன்.

சரி, நான் வெக்கிறேன்... ஏய், அந்த மைக்கை எவளும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்... ஏனா? அம்மா இன்னும் ஏதாவது சொல்றாளான்னு நான் கேக்கணும்.