கூட யார் வந்திருக்கிறார்கள்?

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் வழக்கறிஞர் அம்மையார் அவர்களே! முழங்கால் வலியோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! மழலையை மடியில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! ஆலை விட்டதும் நேரே ஓடி வந்த தையல் தோழியரே! துயரம் தோய்ந்த நெஞ்சோடு உங்களைத் தொழுகிறேன்.

உலக நாடுகள் கூடின. பெண்ணின் உடல் பெண்ணுக்கே என்றன. பிள்ளை எப்போது, பிள்ளை எத்தனை, பிள்ளையே வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்வாள் என்றன. நம் நாடும் ஒப்பமிட்டது, சட்டமும் இயற்றியது. கருவைக் கலைக்க அவள் சம்மதம் ஒன்றே போதும்! கைதட்டுகிறீர்களா? பொறுங்கள். அந்தச் சட்டம் என் தங்கைக்குக் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

என் தங்கை ஆலையில் சட்டைக்குக் காலர் தைத்தவள். இரண்டு பிள்ளைகளின் தாய். இன்னொரு பிரசவத்தை அவள் இதயம் தாங்காது என்று மருத்துவரே எச்சரித்திருந்தார். ஆனாலும் கரு தங்கிவிட்டது. அரை நாள் விடுப்பெடுத்து அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

"கூட யாரும்மா வந்திருக்கா?" என்றார் வாசலில் இருந்த செவிலியர்.

"யாரும் இல்லக்கா. அவரு கப்பல்ல வேலையா இருக்காரு."

"வீட்டுக்காரர் வரட்டும். அவர் இல்லாம உள்ள விட முடியாது."

மறுவாரம் நானே கூடப் போனேன். "அக்கா எல்லாம் செல்லாதும்மா" என்று என்னையும் திருப்பி அனுப்பினார். கப்பல் கரை சேர்வதற்குள் கருவைக் கலைக்கும் காலம் கடந்துவிட்டது. பிரசவ மேசையில் அவள் இதயம் நின்றது. குழந்தையும் தங்கவில்லை.

அந்தச் செவிலியர் இதோ, இந்த மேடையில்தான் இருக்கிறார். கூச்சலிடாதீர்கள்! உட்காருங்கள் ஐயா, அழைத்தவள் நான். அவர் வீட்டுக்குச் சண்டை போடத்தான் போனேன். அவர் அழுதுகொண்டே சொன்னார்: "மயக்க ஊசி போட்டா தள்ளாடுவாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும்னுதான் மொதல்ல கேட்டிருக்காங்க. அப்புறம் புருஷன்தான் வரணும்னு ஆயிடுச்சு. நான் அதுதான் சட்டம்னு நெனச்சேன். புதுச் சட்டத்தை யாருமே வந்து சொல்லலைங்க."

கேட்டீர்களா? கைத்தாங்கலுக்குக் கேட்ட ஆள் காலப்போக்கில் காவலாளி ஆகிவிட்டான்! கண்டம் கடந்து, கடல் கடந்து வந்த உரிமையால் ஒரு கண்ணாடிக் கதவைக் கடக்க முடியவில்லையே! ஆள்வோரே, சட்டத்தை அச்சடித்தீர்கள். வாசலில் இருப்பவருக்குச் சொன்னீர்களா? மீறினால் பதில் சொல்வது யார் என்று வகுத்தீர்களா? என் வயிறு எரிகிறது!

நாளை முதல் தையல் தொழிலாளர் சங்கப் பெண்களாகிய நாம் முறை வைத்து அந்த வாசலில் நிற்போம். தனியாக வருபவளை உள்ளே அனுப்புவேன் என்று செவிலியரும் வாக்களித்திருக்கிறார். முதலில் வரப்போகிறவள் யாரோ, எனக்குத் தெரியாது. அவள் பிழைத்து வீடு சேரட்டும். என் தங்கைதான் இனி வரமாட்டாள்.

கண் கலங்கக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த அவைக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.