டாக்டரை மாற்றியவள்

பிஸ்தா வைத்த மஃமூல் பலகாரம் என்றால் எனக்கு உயிர். ரிந்தலாவுக்கு அது தெரியும். அன்றைக்கும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

எங்கள் பெய்ரூத்தில் முடிவெட்டுகிறவரை மாற்றினால்கூடப் பழையவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் மாறுவது அசிங்கம். ஹக்கீமுக்கும், அதாவது டாக்டருக்கும், அதே மரியாதைதான். ரிந்தலா மரியாதை தெரிந்தவள்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு அவள் மார்பகத்தைப் பெரிதாக்கி அறுவை சிகிச்சை செய்தவன் நான். காலைக் காப்பிக்குக் கூடும் அவளுடைய தோழிகள் அவளைப் பார்த்துவிட்டு என் விலாசம் கேட்டு வந்தார்கள். போன வருஷம் இடது பக்கத்தில், உள்ளே வைத்த சிலிகான் பையைச் சுற்றிச் சதை இறுகிக் கல்லாகிவிட்டது. மகளை அணைத்தால் உயிர் போகிறது என்றாள். மறுபடி கத்தி வைப்பதா, அப்படியே விடுவதா என்று எட்டு மாதம் தவித்தாள். “ஒண்ணுமில்லம்மா, விட்டுடு,” என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

அன்று பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

“கோவிச்சுக்காதீங்க ஹக்கீம். வேற ஒருத்தர்கிட்ட காட்டினேன். ரெண்டையும் எடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வர்ற திங்கக்கிழமை.”

“அவர் என்ன சொன்னார்?”

“அதெல்லாம் எதுக்கு, விடுங்க.”

“சும்மா சொல்லும்மா.”

சிரித்துவிட்டாள். “எந்தக் கசாப்புக்கடைக்காரன் வேலை இதுன்னு கேட்டார். அந்த ஆளுக்கு வாய்க்கொழுப்பு. நான் உங்க பேரைச் சொல்லவே இல்ல, எம்மக மேல சத்தியமா.”

சொல்லவில்லையாம். எனக்குக் கருணை காட்டுகிறாள். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் பதறாத காரியம் சிதறாது. “கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன், படுத்துக்கோ,” என்றேன். நர்ஸ் வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு மணிக்கு வழக்கம்போல மின்சாரம் போய், கட்டடத்து ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அது ஓடும்போது பக்கத்து அறையில் கூப்பிட்டாலும் கேட்காது.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். பட்டையால் கட்டினேன். “எதுக்கு ஹக்கீம் இது?” என்று கேட்டாள். மரத்துப்போகும் ஊசி போடவில்லை. அது என்னிடம் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு, அவள்தான் டாக்டரை மாற்றிவிட்டாளே. பழைய தழும்பின் மேலேயே கத்தியை ஓட்டினேன். முதலில் இடது, பிறகு வலது. மகளைப் பெயர் சொல்லி அலறினாள். அசையாதே என்று எத்தனையோ முறை சொன்னேன், கேட்கவில்லை. அவ்வளவு இரத்தம் போனது அவள் துள்ளியதால்தான். வலது பக்கம் முடிவதற்குள் அடங்கிவிட்டாள்.

நான் ஓடிப்போகவில்லை. உங்கள் போலீஸ்காரர்கள் கதவை உடைக்கும்வரை உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். அவசரமே இல்லாமல் போட்ட மெல்லிய தையல், நீங்களே பார்த்தீர்கள். ஆறு மாதத்தில் அவளுக்குத் தழும்பே தெரியாது.