காலியாக விடாத கட்டம்

எனக்குச் சீனி போடாத டீயே போதும், சார். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதுங்கள்.

எங்கள் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் கருவாட்டு மண்டி. வந்தவன் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுவான். அந்தப் படிப்பை வைத்துத்தான் கம்ப்யூட்டர் தொழிலிலும் பிழைக்கிறேன்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் பழைய டேட்டாபேஸைப் புதியதற்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. பழையதைக் கட்டிய புண்ணியவான் எல்லாக் கட்டத்திலும் எதையும் எழுதலாம் என்று விட்டிருந்தான். தேதிக் கட்டத்தில் ‘பெரிய வியாழன் கழிச்சு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். இவர்களுக்குத் தேதிக்கென்று ஒரு கட்டம் கொடுத்ததே அதிகம். தேதி என்றால் தேதி, எண் என்றால் எண், எதுவும் காலியாக இருக்கக் கூடாது என்று விதித்தேன்.

ஒரு கட்டம் மட்டும் மல்லுக்கு நின்றது. பூச்சி சாக மருந்துப்புகை போட்ட கன்டெய்னர் பெட்டியில் புகை வெளியேறிவிட்டதா என்பது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று என்று வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிக்குக் காலி. புதிய டேட்டாபேஸ் அவற்றை உள்ளே விடவில்லை.

யார்டில் பதிவு பார்க்கிற மெட்டில்டா வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, காலியா இருந்தா இன்னும் யாரும் மீட்டர் வச்சுப் பாக்கலன்னு அர்த்தம். அதை அப்படியே விடுங்க.”

“ஏளா, தெரியாதுன்னு எழுத கம்ப்யூட்டர் எதுக்கு? சிலேட்டு போதும்லா.”

“அப்ப இல்லைன்னாவது போடுங்க. உள்ள போறவன் மனுசன்லா.”

இல்லை என்று போட்டால் அத்தனை பெட்டியும் கேட்டில் நிற்கும். முதல் நாளே படுத்துவிட்டது என்று என் வேலையைச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டேன். திங்கட்கிழமை ஒரு பிழைகூட வரவில்லை. மேனேஜர் கைகொடுத்தார்.

புதன்கிழமை சுடலைராஜ் என்ற லோடுமேன், திரையில் ‘ஆம்’ பார்த்துவிட்டு ஒரு முந்திரிப் பெட்டிக்குள் போனான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னே முடிந்துவிட்டது. அந்தப் புகைக்கு வாடை கிடையாதாம். அது மருந்து போட்டவன் கவலை.

பதிந்தவர் பெயர் என்றும் ஒரு கட்டம் உண்டு. அதையும் காலியாக விட முடியாது. அதில் என் பெயர் இருந்தது. அன்று மத்தியானமே முந்நூற்றுப் பன்னிரண்டு வரியிலும் மெட்டில்டா என்று மாற்றினேன். ஒரே கட்டளை, இரண்டு விநாடி.

பதினோரு நாளாக அவள் ரிமாண்டில் இருக்கிறாள். அதற்காக நான் வரவில்லை. புதிய டேட்டாபேஸில் கோளாறு என்று சொல்லி, யார்டு பழையதற்கே திரும்புகிறதாம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுடலைராஜைக் கொன்றது நான், சார். டேட்டாபேஸில் பிழை இல்லை. அந்த இரண்டாவது வரியை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள்.